ஆறாவது ஃபிரேம்

கிளிஃபர்டின் வேலை போவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி என்று நேரம்கூட முடிவாகிவிட்டது. அன்றைக்குத்தான், கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் உள்வேலை செய்துகொடுக்கும் அவன் கம்பெனியின் முதலாளி டோரதி மேடம், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் புதிதாகத் திறக்கப்போகும் துணிக்கடையைப் பார்வையிட வருகிறார். கடை முகப்பில் ஏழடி உயரத்தில் ஆறு இரும்பு ஃபிரேம்கள் நிற்க வேண்டும். ஆறுக்குள்ளும் ஆறு கண்ணாடிகள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை நிலவரப்படி கண்ணாடிகள் வந்துவிட்டன. ஃபிரேம்கள் இல்லை.

சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் கிளிஃபர்ட் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பான். இது டஃபன்டு கண்ணாடி. உலையில் சுட்டு உறுதியாக்கியது. சுத்தியால் தட்டினாலும் தாங்கும்; ஆனால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் வெட்டப் போனால் மொத்தமும் கற்கண்டாய்க் கொட்டிவிடும். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் ஃபிரேமை நிறுத்துவார்கள், அதற்குள் அளவெடுப்பார்கள், அப்புறம்தான் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பார்கள்.

கிளிஃபர்ட் நேரத்தை மிச்சம் பிடித்தான். டிராயிங்கைப் பார்த்தே பம்பாய்க்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாடி வந்தது. ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து முதல் ஃபிரேமும் வந்தது. வெளிநாட்டு மெஷின், ஏசி ஆபீஸ், வாசலில் வாட்ச்மேன் என்று அமர்க்களமான ஒர்க்‌ஷாப். ஆனால் ஃபிரேம் கோணல். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் ஒரு கிராஸுக்கும் இன்னொரு கிராஸுக்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணாடி உள்ளே போகவே இல்லை.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, சார், கொஞ்சம்தானே" என்றார் ஒர்க்‌ஷாப் மேனேஜர், போனில்.

"எதை அட்ஜஸ்ட் பண்றது? கண்ணாடியையா?"

"அடுத்த மாசம் வேற பண்ணித் தரோம்."

கிளிஃபர்டின் இடுப்பில் பேஜர் நடுங்கியது. டோரதி மேடம். 'ஆல் ஓகே?' என்று கேட்டிருந்தார். ஜனவரியில் அவன் ஒரு ஆபீஸ் மாடிப்படியில் ஒரு படியை உயரமாகக் கட்டிவிட, அதில் ஆடிட்டர் ஒருவர் விழுந்து எழுந்தபோது, மேடம் சத்தமே போடவில்லை. "கிளிஃபர்ட், இன்னொரு தப்பு நடந்தா நீயே ஆபீஸ் சாவிய டேபிள்ல வச்சிட்டு வீட்டுக்குப் போயிடு. என்னைப் பேச வைக்காதே" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கண்ணாடி இறக்கிய கூலிக்காரர்களில் ஒருவன்தான் அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டான்.

"சார், சிவாஜிநகர்ல மட்டன் கடை சந்துல சங்கமித்ரா அக்கான்னு ஒருத்தங்க வெல்டிங் பண்றாங்க. கோணலா ஒண்ணு பாத்தா அவங்களுக்கு ஜுரமே வந்துடும்."

*

பஸ் ஸ்டாண்டின் பின்னால் இருந்த அந்தச் சந்தில், ஷட்டரில் இன்னமும் ஒரு ஆட்டுத்தலை படம் மங்கலாகத் தெரிந்த கடைதான் பட்டறை. கிளிஃபர்ட் உள்ளே எட்டிப் பார்த்தான். மண்ணெண்ணெய் டிரம் சைஸில் ஒரு பழைய வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு கிரைண்டர். ஒரு ஹேக்ஸா. சுவரில் ஆணியடித்து மாட்டிய மூலைமட்டம். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி, சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, வெல்டிங் ராடுகளை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பைப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் உத்தமன். அறுப்பது அவர் வேலை, ஒட்டுவது அவள் வேலை.

"மெஷின்லாம் எங்கம்மா?" என்றான் கிளிஃபர்ட்.

"எதிர்ல நிக்கிறதே, சார்" என்றார் உத்தமன், மனைவியைக் காட்டி.

"சும்மா இருய்யா" என்றாள் சங்கமித்ரா. "இன்னா வேலை, சார்?"

சொன்னான். கண்ணாடி, கோணல், சனிக்கிழமை எல்லாம். கண்ணாடி முதலில் வந்த கதையை மட்டும் விழுங்கிவிட்டான். சொல்லிக்கொண்டே தரையைப் பார்த்தான். நான்கு பக்கமும் நடுவை நோக்கிச் சரிந்திருந்தது.

"இந்தத் தரை மட்டமாவே இல்லியே?"

"எப்டி இருக்கும்? ஆட்டுக்கடை. கழுவி விட்டா தண்ணி ஓடணுமின்னு பள்ளம் வச்சிப் போட்டது."

"இதுல வச்சா ஃபிரேம் பண்ணப் போறீங்க?"

"தரைல யார் பண்ணுவாங்க?" என்று சிரித்தாள். "நாங்க தண்ணி மேல பண்ணுவோம்."

கேலி செய்கிறாளோ என்று நினைத்தான். டிராயிங்கை நீட்டினான். அவள் அதை ஒற்றை விரலால் அவன் பக்கமே தள்ளினாள்.

"பேப்பரையா மாட்டப் போறீங்க? கண்ணாடிய காட்டுங்க."

*

கடைக்கு வந்தவள் கையில் டேப் இல்லை. ஐந்தடி நீளத்தில் இரண்டு மர ரீப்பர்கள் இருந்தன. இரண்டின் முனையும் பென்சில் போலச் சீவப்பட்டிருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தாள்.

கண்ணாடியைப் படுக்க வைக்கச் சொன்னாள். ரீப்பர்களை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நீட்டினாள். ஒரு முனை இந்த மூலை, மறு முனை எதிர் மூலை. இரண்டும் சரியாகத் தொட்டதும் உத்தமன் கவ்வியை இறுக்க, அவள் ரீப்பரில் ஒரு கோடு போட்டாள். அப்படியே தூக்கி அடுத்த கிராஸில் வைத்தாள்.

"டேப்பே வேணாமா?" என்றான் கிளிஃபர்ட்.

"டேப்பு நடுவுல தொங்கும், கொக்கி ஆடும், கண்ணு ஒரு மில்லிய முழுங்கிடும். எத்தினி மில்லின்னு எனக்கு எதுக்கு? ரெண்டும் ஒண்ணா இல்லியா, அது தெரிஞ்சா சாக்கு, அவ்ளோ போதும்."

ஆறு கண்ணாடிக்கும் கோடு போட்டாள். கண்ணாடியைச் சுற்றிய காகிதத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதினாள். ரீப்பரிலும் அதே நம்பர். அதோடு விட்டாளா? கடையின் இடது கோடிச் சுவரில் ஆணி அடித்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் அது ஆடி நிற்கும் வரை நின்றாள். ஃபிரேம் கேட்டால் சுவரை அளக்கிறாளே என்று கிளிஃபர்டுக்கு எரிச்சலாக வந்தது. பேஜர் மறுபடி நடுங்கியது.

"சார், உங்க கண்ணாடில ஒண்ணு..."

"கண்ணாடியப் பத்திப் பேச்சே வேணாம்!" கிளிஃபர்ட் வெடித்தான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவனுக்கு வேர்த்தது. "அது பம்பாய் சரக்கு. அது கரெக்டா இருக்கு. ஃபிரேம் மட்டும் பாருங்க, போதும்."

அவள் அவனை ஒரு நொடி பார்த்தாள். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"செரி, சார். நீங்க சொன்னா செரி" என்றாள்.

*

வியாழன் காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனவன், கிளம்பி வர மனமில்லாமல் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் மேல் என்று அவள் சொன்னது கேலி இல்லை. தரையில் நான்கு கல் துண்டுகளை வைத்திருந்தாள். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் மேஸ்திரிகள் வைத்திருக்கிற அதே தண்ணி டியூபின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை உத்தமன் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் போனார். டியூபில் தண்ணீர் நிற்கிற உயரத்துக்கு ஆப்பு அடித்து, நான்கு கல்லும் ஒரே மட்டத்துக்கு வந்தபின்தான் பைப்பைத் தொட்டாள். தரை எப்படிப் போனால் என்ன? அந்தச் சரிவான தரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத மேஜை ஒன்று மட்டமாக மிதந்துகொண்டிருந்தது.

உத்தமன் அறுத்த பைப்புகளைச் சோடி சோடியாகச் சேர்த்து நிறுத்தி, முனையில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் தட்டவில்லை.

"இவரு அறுத்தா பிளேடுக்கே பெருமை" என்றாள்.

"நாலு பேரு எதிர்லதான் சொல்லுவா. வீட்ல சொல்ல மாட்டா" என்றார் உத்தமன்.

நான்கு மூலையிலும் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி ஒட்டு. ரீப்பரை வைத்துக் கிராஸ் பார்த்தாள். ஒரு பக்கம் நீளம்.

"போச்சா?" என்றான் கிளிஃபர்ட், டப்பாவிலிருந்து பாதி எழுந்து.

"இப்பதானே சார் ஆரம்பிச்சிருக்கு."

நீளமான கிராஸில் நைலான் கயிற்றை இரட்டையாகக் கட்டினாள். நடுவில் ஒரு கம்பியைச் செருகித் திருகினாள். கயிறு முறுக்கேற, எதிரெதிர் மூலைகள் மெதுவாக ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. முப்பது கிலோ இரும்பு, ஒரு துணி காயப் போடும் கயிற்றுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்ததை அவன் வாய் திறந்து பார்த்தான். கோடு வந்த இடத்தில் அவள் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு முடி அளவு திருகினாள்.

"தாண்டிப் போச்சே!"

"கயித்த விட்டா கொஞ்சம் திரும்பும். அது திரும்பி வர்ற எடம்தான் நம்ம எடம்."

கயிற்றை அவிழ்த்தாள். ரீப்பரை வைத்தாள். இரண்டு கிராஸும் ஒரே கோட்டில்.

அடுத்து, எதிர் மூலைகளில் இரண்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன. இடைவெளி தெரிந்தால் ஃபிரேம் முறுக்கியிருக்கிறதாம். கோணலை ரீப்பர் கண்டுபிடிக்கும், முறுக்கலை நூல்தான் கண்டுபிடிக்கும் என்றாள். கிளிஃபர்ட் பதினோரு வருஷமாக சைட்டில் வேலை பார்க்கிறான். ஒருவரும் அவனுக்கு இதைக் காட்டியதில்லை.

அதன் பிறகு முழு ஒட்டு. ஒரு மூலையில் ஒரு அங்குலம், உடனே எதிர் மூலைக்குத் தாவல், அங்கே ஒரு அங்குலம். ஒரே மூலையை முடித்துவிட்டு எழுந்தால் சூடு அந்தப் பக்கமே இழுத்துவிடும் என்பதால் ஃபிரேமைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நீல வெளிச்சம் இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை. கோலம் போடுகிறவளைப் போல அவள் கால் எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நேரமாகிறதே என்ற பதற்றத்தில் கிளிஃபர்ட் பக்கெட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மொண்டான். சூடான மூலையில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுமே! உத்தமன் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பேடா சார், வேணாம்! கொன்னுடுவா உங்கள!"

"தண்ணி தாகமா, சார்?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "குடிங்க. அதுக்குக் குடுக்காதீங்க. அவசரமா ஆறினா வெடுக்குனு இழுத்துக்கும். தானா ஆறட்டும்."

வியாழன் மாலைக்குள் மூன்று ஃபிரேம். வெள்ளி காலை பதினொன்றுக்குக் கரண்ட் போனது. கிளிஃபர்ட் தலையில் கை வைத்தான். அவளோ மிச்ச ஃபிரேம்களைக் கல்லில் அடுக்கி, கட்டி, அளந்து, கரண்ட் வந்தவுடன் புள்ளி வைக்கத் தயாராக நிறுத்திவிட்டாள். மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. ஆறரைக்கு ஆறாவது ஃபிரேம் ஆறிக்கொண்டிருந்தது.

*

சனிக்கிழமை. பத்து மணி.

டெம்போவில் ஃபிரேம்கள் வந்து இறங்கின. வலது கோடியிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தி, போல்ட் முடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் கிளிஃபர்ட் தன் டேப்பை வைத்துக் கிராஸ் பார்த்தான். முதலாவது: வித்தியாசம் இல்லை. இரண்டாவது: இல்லை. ஐந்து வரைக்கும் இல்லை. ஐந்து கண்ணாடியும் ரப்பர் பட்டைக்குள் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தன. அவனுக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

பத்து இருபத்தைந்து. ஆறாவது ஃபிரேம் இன்னும் படுத்துக் கிடந்தது. கிராஸ் பார்த்தான்.

மறுபடி பார்த்தான்.

டேப்பைத் திருப்பிப் பிடித்து மூன்றாம் முறை பார்த்தான்.

ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்.

"இது என்ன?" அவன் குரல் அவனுக்கே கேட்காத மாதிரி வந்தது. பிறகு நன்றாகவே கேட்டது. "அஞ்சு மில்லி! அஞ்சு மில்லி கோணல்! கடைசில கவுத்துட்டீங்களே! அஞ்ச ஒழுங்கா பண்ணிட்டு ஆறாவதுல தூங்கிட்டீங்களா? கரண்ட் வந்ததும் அவசரமா அடிச்சீங்களா?"

சங்கமித்ரா வாயைத் திறந்தாள்.

"யாரு தூங்கினது?" என்று வாசலில் இருந்து கேள்வி வந்தது.

டோரதி மேடம். முப்பத்தைந்து நிமிடம் முன்னதாக. வெள்ளை முடி, கறுப்புக் குடை, மூக்கு நுனியில் கண்ணாடி.

கிளிஃபர்டின் கையிலிருந்த டேப் சரக்கென்று சுருண்டுகொண்டது.

"மேடம்... ஒரு ஃபிரேம்... கொஞ்சம்..."

"அஞ்சு மில்லின்னு கேட்டுச்சு." மேடம் குனிந்து ஃபிரேமைப் பார்த்தார். "அப்போ இதுக்கு அளவெடுத்து கண்ணாடி ஆர்டர் பண்ணு. அதுக்கென்ன கத்தல்?"

மேடம் சுவரில் சாய்ந்திருந்த ஆறாவது கண்ணாடியைப் பார்த்தார். கிளிஃபர்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஓ. கண்ணாடி முதல்ல வந்துடுச்சா?"

கிளிஃபர்டின் கை பேன்ட் பாக்கெட்டில் இருந்த சாவியைத் தேடியது. பழியை அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்மீது போடலாம். இந்தப் பட்டறைமீது போடலாம். இரண்டு நாள் பெயிண்ட் டப்பாமீது உட்கார்ந்து பார்த்த காட்சிகள் கண்முன் வந்து நின்றன.

"நான்தான், மேடம். டிராயிங்க பாத்து நானே ஆர்டர் குடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. என் தப்பு."

"சார்" என்றாள் சங்கமித்ரா. "உங்க சண்டை முடிஞ்சுதுன்னா, அந்தக் கண்ணாடிய அளந்து பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்க, சொல்றேன்."

ஆறாவது கண்ணாடியில் டேப்பை வைத்தான். ஒரு கிராஸ். இன்னொரு கிராஸ்.

ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்.

கூலிக்காரர்கள் கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சங்கமித்ரா ரீப்பரை எடுத்து அவன் முன் நீட்டினாள். ஒன்று முதல் ஐந்து வரை நம்பருக்கு ஒரே கோடு. ஆறுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடுகள். இரண்டு நாளாய் அவன் கண்ணெதிரிலேயே கிடந்த ரீப்பர்.

"கண்ணாடியே கோணல், சார். அன்னிக்கே சொல்ல வந்தேன். பேச்சே வேணாம்னீங்க. வெட்டவும் முடியாது, வேற வாங்கவும் நேரமில்ல. அதான் அது எப்டி இருக்கோ அப்டியே ஃபிரேம் பண்ணிட்டேன்."

டோரதி மேடம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "கோணலாவே பண்ணீங்களா? வேணும்னே? அஞ்சு மில்லிக்கு அஞ்சு மில்லி?"

"நேரா பண்றதுக்கு என்ன கயிறோ, கோணலுக்கும் அதே கயிறுதான், மேடம். எந்தக் கோட்ல நிறுத்தறோம்கிறதுதான் வேற."

"பக்கத்து ஃபிரேம் நேரா இருக்கு. இது சாய்ஞ்சு நின்னா அசிங்கமா தெரியுமே?"

"அதுக்குத்தான் இடது கோடிக்கு வச்சது. அந்தச் சுவரே சாய்ஞ்சிருக்கு. குண்டு விட்டுப் பாத்தேன். சுவரு சாயற பக்கமே ஃபிரேமும் சாயும். இந்தாண்ட அஞ்சாவது ஃபிரேமுக்கு நடுவுல ஆப்பு மாதிரி விழற சந்துல ஒரு மரப்பட்டி வச்சா மூடிக்கும். நேரா ஒண்ணு பண்ணியிருந்தாதான் சுவத்தோரம் கோணலா தெரியும்."

உத்தமன் கூலிக்காரர்களிடம், "இன்னா வேடிக்கை? தூக்குங்கப்பா" என்றார்.

ஃபிரேம் எழுந்து சுவரோரம் நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு இடைவெளி. நான்கு பேர் கண்ணாடியைத் தூக்கினார்கள். சங்கமித்ரா காகிதத்தில் இருந்த சாக்பீஸ் நம்பரைப் பார்த்து, எந்தப் பக்கம் மேலே என்று கையால் காட்டினாள். கண்ணாடி ரப்பர் பட்டையைத் தொட்டது. வழுக்கியது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். உட்கார்ந்துவிட்டது.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் முழுக்க அந்த ஆறு கண்ணாடிகளில் ஒரே நேர்கோட்டில் தெரிந்தது.

டோரதி மேடம் தெருவுக்கு இறங்கிப் போய், எதிர்க் கடை வாசலில் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எது கோணல்னு தெரியல" என்றார். பிறகு கிளிஃபர்டின் பக்கம் திரும்பினார். அவன் சாவியை எடுத்து நீட்டியிருந்தான்.

"இத உள்ள வை. நான் வந்தப்போ இந்தம்மா மேல பழி போட்டுட்டிருந்தே. அப்புறம் நிறுத்திட்டே. ரெண்டையும் கேட்டேன்." குடையைக் கக்கத்தில் இடுக்கினார். "செயின்ட் மார்க்ஸ் ரோடு வேலைல பதினாலு ஃபிரேம் இருக்கு. இவங்க நிறுத்தி, இவங்க அளந்து, இவங்க சரின்னு சொன்ன அப்புறம்தான் கண்ணாடிக்கு நீ போன் பண்ணணும். அதுவரைக்கும் போனைத் தொடாதே."

"எஸ், மேடம்."

மேடம் போனதும் சங்கமித்ரா படியில் உட்கார்ந்து, உத்தமனிடமிருந்து சின்ன இழைப்புளியை வாங்கினாள். அடுத்த வேலைக்கு ரீப்பர் சுத்தமாக வேண்டும். நம்பர்களை ஒவ்வொன்றாக இழைத்து எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... மரச்சுருள் கிளிஃபர்டின் ஷூ மேல் விழுந்தது.

"ஆறு மட்டும் இருக்கட்டுமே" என்றான் அவன்.

"எதுக்கு சார்? இன்னொரு கோணல் வாங்கப் போறீங்களா?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரீப்பரை வாங்கி, அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விரல் நகத்தை வைத்துப் பார்த்தான். பாதி நகம்தான் உள்ளே பொருந்தியது. அரை நகத்தின் அகலம். அதற்குள்தான் அவன் வேலை மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தது.

"நக்கோ சார், வேணாம், டைம் ஆவுது" என்று ரீப்பரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு அவள் இழைக்க ஆரம்பித்தாள்.